கணினி விளையாட்டுகளில் தமிழரும் தோட்டமும்: முதல், கரு, உரி நோக்கில் ஒரு திறனாய்வு

முன்னுரை

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனைச் சுட்டுகிறார். செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு விளையாட்டும் அங்கு இடம்பெறுகிறது. அவ்வுவகை துன்பம் நீங்கிய உவகையாக இருத்தல் வேண்டும் என்பதும் அந்நூற்பாவால் பெறப்படுகிறது. விளையாட்டைப் பொழுதுபோக்கு என ஒதுக்காமல், பண்பாட்டின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்றாகக் காணும் போக்கினை மேலைநாட்டில் யோஹான் ஹைசிங்கா 1938இல் வெளியிட்ட 'ஹோமோ லூடென்ஸ்' என்னும் நூல் வலியுறுத்தியது. தமிழ் மரபோ அதற்கு நெடுங்காலம் முன்னரே விளையாட்டினை மெய்ப்பாட்டின் இலக்கணத்துள் வைத்துப் பேசியுள்ளது.

ஆயினும், இன்றைய இளைஞர் தம் பொழுதில் பெரும்பகுதியைச் செலவிடும் கணினி விளையாட்டுகளைப் பற்றித் தமிழ்த் துறையினர் பேசுவது அரிது. பேசும்போதும் அவை கல்விக்கு இடையூறு என்றோ, மொழி கற்பித்தலுக்கு ஒரு கருவி என்றோ கூறி அமைந்துவிடுகிறோம். சிறுகதையையும் திரைப்படத்தையும் பனுவலாகக் கொண்டு திறனாய்வதுபோல ஒரு கணினி விளையாட்டையும் திறனாயலாம் என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் ரியாத் நகரில் நடைபெற்ற 'மொபைல் லெஜண்ட்ஸ்' அனைத்துலகப் போட்டியில் சிலாங்கூர் ரெட் ஜெயண்ட்ஸ் அணி வாகை சூடியபோது, நம் மாணவர் பலர் அதனைக் காற்பந்து வெற்றிக்கு நிகராகக் கொண்டாடினர். அவர்கள் வாழும் உலகை அறியாமல் அவர்களுக்கு இலக்கியம் கற்பிக்க முனைவது அரைகுறை முயற்சியாகவே முடியும்.

இக்கட்டுரை ஈஜோக் வட்டாரத்தை நோக்குநிலையாகக் கொண்டு எழுதப்படுகிறது. 2007ஆம் ஆண்டு சட்டமன்ற இடைத்தேர்தலால் நாடறிந்த பெயராகிய ஈஜோக், கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தோட்டப்புறங்களுள் ஒன்று. துவான் மீ, கோல்ஃபீல்ட்ஸ், ராஜா மூசா எனத் தோட்டப் பெயர்களாலேயே தம் ஊரை அடையாளம் காட்டிய தலைமுறைகள் வாழ்ந்த நிலப்பகுதி இது. கித்தாக் காடுகள் செம்பனைக் காடுகளாயின. செம்பனை நின்ற இடங்கள் சிலவற்றில் இன்று வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. இந்நிலத்திலிருந்து அண்மைக்காலக் கணினி விளையாட்டுகளைப் பார்க்கும்போது ஒரு வினா எழுகிறது. தமிழர் அவற்றுள் எவ்வாறு தோன்றுகின்றனர்? தோட்டம் எவ்வாறு தோன்றுகிறது? இவ்விரண்டும் ஒருங்கே தோன்றும் இடம் உண்டா? 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்', 'சிவிலைசேஷன்', 'விக்டோரியா', 'வெண்பா' ஆகிய விளையாட்டுகளை எடுத்துக்கொண்டு இவ்வினாவிற்கு விடைகாண முயல்வோம்.

திறனாய்வு அளவுகோல்

அகத்திணைப் பாடலை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூவகையாகப் பகுத்துக் காண்பது நம் மரபு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்து நிற்கும் என்பது உரையாசிரியர் கொள்கை. இவ்வளவுகோல் கணினி விளையாட்டிற்கும் வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. விளையாட்டின் நிலப்படம் முதற்பொருள். அந்நிலத்தில் விளைவனவும் அங்கு நிகழும் தொழில்களும் கருப்பொருள். விளையாடுவோர் உள்ளத்தில் எழும் மாந்தர் நிலை உரிப்பொருள்.

இதனோடு இன்னொன்றையும் கருதுதல் வேண்டும். கதையும் காட்சியும் மட்டுமன்றி விதியும் ஒரு கருத்தை உரைக்கும் என்பதை இயன் போகோஸ்ட் 2007இல் வெளிவந்த தம் 'பெர்சுவேசிவ் கேம்ஸ்' என்னும் நூலில் விளக்கினார். எச்செயலுக்குப் பரிசு, எச்செயலுக்குத் தண்டனை, எது எண்ணப்படுகிறது, எது எண்ணப்படாமல் விடப்படுகிறது என்பனவற்றால் ஒரு விளையாட்டு உலகைப் பற்றி வாதிடுகிறது. ஆகவே, விதியே கணினி விளையாட்டின் யாப்பு எனக் கொள்வோம்.

அரசரும் ஏவலரும்

1999இல் முதன்முதலாக வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' இன்றும் விளையாடப்பெறும் வரலாற்றுப் போர் விளையாட்டாகும். அதன் புதுப்பதிப்பு 2019இல் வெளிவந்தது. 2013 முதல் 'இந்தியர்' என்னும் ஒரே இனமாகக் காட்டப்பட்டவர்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்த விரிவாக்கத்தில் பலராகப் பகுக்கப்பட்டனர். அவ்வாறு புதிதாகச் சேர்ந்தவர்களுள் திராவிடரும் ஒருவர். அவர்களுக்கெனச் சுருள்வாள் வீரரும் 'திரிசடை' என்னும் மரக்கலமும் அளிக்கப்பட்டுள்ளன. தென்னாட்டு உருக்கு எஃகு அவர்களின் தனிச்சிறப்பான தொழில்நுட்பமாகக் காட்டப்படுகிறது. அவர்களுக்குரிய தொடர்கதை முதலாம் இராசேந்திர சோழனைப் பற்றியது.

கடாரம் என்னும் பெயரைப் பூஜாங் பள்ளத்தாக்கோடு இணைத்துப் படித்த மலேசியத் தமிழ் மாணவருக்கு இது தரும் கிளர்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடல்கடந்த படையெடுப்பைப் பாடநூலின் ஒரு பத்தியாக அறிந்தவன், அதனைத் தானே நடத்திப் பார்க்கிறான். படைவீரரும் குடியானவரும் தமிழில் விடையளிப்பதைக் கேட்கிறான். உலக விற்பனைப் பொருளொன்றில் தன் மொழியைக் கேட்கும் மகிழ்ச்சி உண்மையானது.

எனினும், அத்தமிழ் எத்தகைய தமிழ் என்பதையும் நோக்குதல் வேண்டும். விளையாடுவோன் ஒரு குடியானவனைச் சுட்டினால் அவன் ஆணைக்குக் காத்திருப்பதாகச் சொல்கிறான். மரம் வெட்டப் பணித்தால் அப்பணியை ஏற்கிறான். இவ்விளையாட்டின் எல்லா இனத்துக் குடியானவர்க்கும் இதுவே நிலை. எனவே இது தமிழருக்கு இழைக்கப்பட்ட குறையன்று. ஆயினும் பிரட்டுக் களத்தில் பெயர் அழைக்கப்பட்டு, 'ஐயா' என விடையளித்து, அன்றைய நிரையைப் பெற்றுக்கொண்டு போனவர்களின் வழித்தோன்றல்கள் அதனைக் கேட்கும்போது அது வேறொரு பொருளையும் தருகிறது. ஏவலுக்கு விடையளிக்கும் சொற்களே குடியானவனுக்கு வாய்த்த மொழி. அவன் தன்னைப் பற்றிப் பேசுவதற்கு அங்கு ஒரு சொல்லும் இல்லை. அரசனுக்கு வரலாறு உண்டு. குடியானவனுக்கு விடையளிக்கும் கடமை மட்டுமே உண்டு.

மறைந்துபோகும் தொழிலாளி

1991இல் தொடங்கிய 'சிவிலைசேஷன்' வரிசை, ஒரு நாகரிகத்தைப் பழங்காலத்திலிருந்து இக்காலம்வரை வளர்த்தெடுக்கும் விளையாட்டாகும். 2025 பிப்ரவரியில் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பில் சோழர் தனி நாகரிகமாக இடம்பெற்றுள்ளனர். 'கலம்' என்னும் கப்பலும், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் ஆகிய வணிகக் குழுக்களின் பெயரால் அமைந்த கட்டடங்களும் அவர்களுக்கு உரியவை. சுமத்திராவின் பாருஸ் கல்வெட்டையும் தாய்லாந்தின் தக்குவா பா கல்வெட்டையும் அறிந்த ஆய்வாளர், வாளினும் வணிகமே சோழரின் அடையாளமாகக் கொள்ளப்பட்டிருப்பதைப் பாராட்டாமல் இருக்க இயலாது. கருப்பொருளைத் தேர்ந்த வகையில் இது 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' விளையாட்டினும் ஒருபடி மேலானது என்பது நம் கருத்து.

ஆனால், நாம் இங்குச் சுட்ட விழைவது வேறொன்று. இவ்வரிசையில் நிலத்தின்மீது செய்யப்படும் மேம்பாடுகளுள் ஒன்று 'பிளாண்டேஷன்', அதாவது தோட்டம். தேயிலை, கரும்பு, நறுமணப் பொருள் போன்றவை விளையும் கட்டத்தில் அதனை அமைத்தால் நாட்டிற்குச் செல்வம் சேரும். 2001இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலேயே ரப்பர் இன்றியமையா வளங்களுள் ஒன்றாக இடம்பெற்றுவிட்டது. அப்பதிப்பில் 'தொழிலாளி' என்னும் தனி அலகு இருந்தது. அது கட்டம் கட்டமாக நடந்து, பல சுற்றுகள் உழைத்து, நிலத்தைப் பண்படுத்தியது. 2010இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலும் அது தொடர்ந்தது. 2016இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் இம்முறை மாறியது. அங்குக் 'கட்டுநர்' என்னும் அலகு ஒரே சுற்றில் வேலையை முடிக்கிறது. இயல்பாக அதற்கு மூன்று வேலைகளே வரம்பு. மூன்றாம் வேலை முடிந்ததும் அது நிலப்படத்திலிருந்து மறைந்துவிடுகிறது. ஏழாம் பதிப்பிலோ அவ்வலகே இல்லை. நகரம் வளரும்போது தோட்டம் தானே அமைந்துவிடுகிறது.

இம்மாற்றங்களை விளையாட்டு வல்லுநர் பலரும் வரவேற்றுள்ளனர். தொழிலாளியை ஒவ்வொரு சுற்றிலும் நகர்த்துவது சலிப்பூட்டும் என்பது அவர்கள் கூறும் காரணம். விளையாட்டின் ஓட்டத்தைக் கருதின் அது நியாயமானதே. எனினும், கால் நூற்றாண்டுக் காலத்தில் நிகழ்ந்ததை ஒருசேர வைத்துப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் சிந்திக்கத்தக்கது. முதலில் தொழிலாளி இருந்தான். பின்னர், வேலை முடிந்ததும் மறைந்தான். இறுதியில், வேலை இருக்கிறது, ஆள் இல்லை.

உண்மையில் ஒரு ரப்பர்க் கன்று பால் வெட்டும் பருவத்தை எய்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதற்குமுன் காடு அழிக்கப்பட வேண்டும். வடிகால் வெட்டப்பட வேண்டும். கொசுக் காய்ச்சலுக்குத் தப்பியோர் கன்று நட வேண்டும். கோலசிலாங்கூர்ச் சமவெளியின் ஒவ்வொரு நிரையும் அவ்வாறு அமைந்ததே. தமிழ் நாவல் இதனை மறக்கவில்லை. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்றவை உழைத்தவர்க்குப் பெயரும் குரலும் அளித்தன. விளையாட்டில் நிலமும் மரமும் விளைபொருளும் செவ்வையாக உள்ளன. முதலும் கருவும் உண்டு; கருவினுள் தொழில் செய்வோர் இல்லை; ஆதலின் உரிக்கு இடமே இல்லை.

சதுரங்கத்தில் காலாளுக்குக் குடும்பம் உண்டா எனக் கேட்போர் உளர். சுருக்கமின்றி விளையாட்டு அமையாது என்பது மெய்யே. ஆயின் எதனைச் சுருக்குவது, எதனை விரிப்பது என்பது படைப்பாளியின் தேர்வு. தலைவனின் உடையையும் முகக்குறிப்பையும் நுட்பமாக வடிக்க முடிந்த ஒரு படைப்பு, தோட்டத்தில் நிற்பவனை நீக்கியது தொழில்நுட்ப இயலாமையால் அன்று என்பதே நம் விடை.

எண்ணாக நிற்கும் தமிழர்

சுவீடன் நாட்டுப் பாரடாக்ஸ் நிறுவனம் 2022 அக்டோபரில் வெளியிட்ட 'விக்டோரியா 3' இவ்வகையில் வேறுபட்டு நிற்கிறது. 1836 முதல் 1936 வரையிலான நூறாண்டுகள் அதன் களம். அங்கு மக்கள் குழுக்களாக எண்ணப்படுகின்றனர். ஒவ்வொரு குழுவும் பண்பாடு, சமயம், தொழில், பணியிடம் ஆகியவற்றால் பகுக்கப்பட்டுள்ளது. அப்பண்பாடுகளுள் தமிழர் என்பதும் ஒன்று. ரப்பர்த் தோட்டமும் அங்கு ஒரு பணியிடம். மக்கள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றிற்குக் குடிபெயர்வதும் உண்டு. ஆகவே, தோட்டத் தொழிலாளராகிய தமிழர் என்னும் கருத்துரு இடம்பெறக்கூடிய அரிய விளையாட்டு இது எனலாம்.

அத்தொழிலாளருக்கு வாழ்க்கைத் தரம் உண்டு, எழுத்தறிவு உண்டு, தரம் தாழ்ந்தால் அவர்கள் கொதித்தெழுவதும் உண்டு. இவை யாவும் எண்களாகக் காட்டப்படுகின்றன. தொழிலாளரைக் கணக்கில் எடுத்துக்கொண்ட இவ்விளையாட்டின் நேர்மையை நாம் மதிக்கிறோம். அவர்களை வறுமையில் வைத்தால் அதற்குரிய விலையை ஆள்பவர் கொடுக்க நேரும் என்பது அதன் விதி. சிவிலைசேஷனின் ஆளற்ற தோட்டத்தோடு ஒப்பிட இது பெரும் முன்னேற்றமாகும்.

குறை யாதெனின், குடிபெயர்வை அது விளக்கும் முறையாகும். அவ்விளையாட்டில் மக்கள் மேலான வாழ்க்கைத் தரத்தால் ஈர்க்கப்பட்டுச் செல்கின்றனர். மலாயாவிற்கு வந்த தமிழர் அவ்வாறு மட்டும் வந்தவரல்லர். ஒப்பந்தத்தின்கீழ் ஆள்சேர்ப்பது 1910இல் முடிவுற்றது. அதன்பின் கங்காணி முறை ஓங்கியது. ஊருக்குச் சென்ற கங்காணி உறவையும் சாதியையும் முன்பணத்தையும் கொண்டு ஆள் திரட்டினான். 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை அது நீடித்தது. ஈர்ப்பு என்னும் எண்ணிற்குள் கடனும் வாக்குறுதியும் ஏமாற்றமும் அடங்கமாட்டா.

இன்னொரு சான்றையும் இங்குக் கருதலாம். அவ்விளையாட்டு 1936இல் முடிகிறது. ஐந்தாண்டுகள் கழித்து, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வு அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. துரைமார் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. முதற்கோரிக்கையை வாழ்க்கைத் தரம் என்னும் எண் அளந்துவிடும். இரண்டாவதை எவ்வெண் அளக்கும்? மானத்தைக் கணக்கிடும் விதி அவ்விளையாட்டில் இல்லை. தொழிலாளரை எண்ணத் தெரிந்த படைப்பு, அவர்களை அறியத் தெரியாமல் நிற்கும் இடம் இதுவே.

வெண்பா: அடுக்களையும் அதன் எல்லையும்

மேற்கண்ட மூன்றிலும் காணாத உரிப்பொருளை நான்காவது படைப்பு முழுமையாகத் தருகிறது. கனடாவின் டொரோண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு 2023 ஜூலை 31ஆம் நாள் 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவிற்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் கதை அது. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். விளையாடுவோர் தாயோடு சேர்ந்து இட்டிலி, புட்டு, பிரியாணி முதலியவற்றைச் சமைக்கின்றனர். தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையற் குறிப்பேடு சிதைந்து போயுள்ளது. விடுபட்ட படிகளைத் தாமே ஊகித்து அறிவதுதான் ஆட்டம். 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மை விருதையும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த முதற்படைப்பு விருதையும் இது பெற்றது.

இதன் சிறப்பு, விதியே கருத்தாக அமைந்திருப்பதாகும். இட்டிலித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் எட்டும் என்பதைக் குறிப்பேடு சொல்லவில்லை. நம் வீடுகளில் யாரும் அதனை எழுதி வைத்ததும் இல்லை. தாயின் கையைப் பார்த்துக் கற்றது அது. எழுதப்படாத அறிவு, அதனை உடையவர் அருகில் இல்லாதபோது என்னாகும் என்பதை ஒரு சொற்பொழிவுமின்றித் தட்டடுக்கும் செயலாலேயே இவ்விளையாட்டு உணர்த்திவிடுகிறது. பேச்சின் எழுத்து வடிவமும் அவ்வாறே பயன்படுகிறது. தாய் தமிழில் பேசும்போது சொற்கள் தடையின்றி ஓடுகின்றன. ஆங்கிலத்தில் பேசும்போது தயங்குகின்றன. மகனுக்குப் புரியாத தமிழ், விளையாடுவோருக்கும் தெளிவின்றியே நிற்கிறது.

பெயர்ப் பொருத்தமும் எண்ணத்தக்கது. வெண்பாவிற்குரியது செப்பலோசை. ஒருவர் ஒருவர்க்குச் செப்புவதுபோல் அமைவது அவ்வோசை. தாய் செப்ப, மகன் கேளாதிருக்கும் வீட்டில் அவ்வோசை அறுந்துபோவதே இக்கதையின் துயரம். வெண்பாவின் ஈற்றடி மற்றை அடிகளைப்போல் நாற்சீராக நிரம்பாமல் முச்சீராய் நிற்கும். அக்குறைவே அதன் இலக்கணம். தந்தை இறந்தபின், தாய் இந்தியாவிற்குத் திரும்பியபின், மகன் குறிப்பேட்டைத் தடவித் தடவிப் படிக்கும் இறுதிப் பகுதி அத்தகைய நிரம்பா ஈற்றடியாகவே நமக்குத் தோன்றுகிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. முதலாவதாக, விளையாடுவோர் தேர்ந்தெடுக்கும் மறுமொழிகள் கதையின் போக்கைப் பெரிதும் மாற்றுவதில்லை. தேர்வு இருப்பதுபோல் தோன்றுகிறது, விளைவு இல்லை. இரண்டாவதாக, எழுத்தாளனாகிய தந்தையின் பாத்திரம் வளர்க்கப்படவில்லை. மொழியைக் காக்கும் பொறுப்பு முழுவதும் தாயின்மீதும் அவள் அடுப்பின்மீதும் ஏற்றப்படுகிறது. பாவலன் எழுதிய தமிழ் என்னாயிற்று என்னும் வினாவிற்குப் படைப்பு போதிய இடந்தரவில்லை. தமிழ் உணவாக எஞ்சியது, இலக்கியமாக எஞ்சியதா? மூன்றாவதாக, நாடகம் பெரும்பாலும் அடுக்களையிலேயே நடப்பதால் முதற்பொருள் குறுகிவிடுகிறது.

ஈஜோக்கிலிருந்து பார்ப்போருக்கு இக்கதை அண்மையதாகவும் சேய்மையதாகவும் உள்ளது. மகன் தாயின் மொழியை இழக்கும் அச்சம் நமக்கும் உரியது. ஆனால் இழப்பின் வடிவம் வேறு. டொரோண்டோவில் தமிழைச் சுமந்தது ஒரு தாயின் குறிப்பேடு. தோட்டப்புறத்தில் தமிழைச் சுமந்தவை தமிழ்ப்பள்ளி, கோயில், ஆயாக்கொட்டகை, லயத்து முற்றம் ஆகியவை. அங்குத் தமிழ் ஒரு வீட்டின் உடைமையாக இருக்கவில்லை. ஓர் ஊரின் உடைமையாக இருந்தது. தோட்டம் கைமாறி மக்கள் சிதறும்போது இழக்கப்படுவது குறிப்பேட்டின் ஒரு பக்கமன்று. அதனை உரக்கப் படித்த கூட்டமே கலைந்துபோகிறது. 'வெண்பா' நம் கதையைச் சொல்லிவிட்டது எனக் கருதி நாம் அமைதிகொள்ள இயலாது.

விற்பனைத் தளங்களும் உடைமையும்

இப்படைப்புகளை மாணவர் பெறும் வழியையும் ஆய்தல் வேண்டும். 2000களில் சிறுநகர்களின் கணினி மையங்களில் மணிக்கணக்கிற்குப் பணம் கொடுத்து ஆடிய காலம் கடந்துவிட்டது. இன்று கணினி விளையாட்டுச் சந்தையில் மேலோங்கி நிற்பது வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் தொடங்கிய ஸ்டீம் தளமாகும். ரிங்கிட்டில் விலை காட்டுவது, சிறு படைப்பும் பெரும் படைப்பும் ஒரே அங்காடியில் கிடைப்பது ஆகியன அதன் நன்மைகள். 'வெண்பா' போன்ற படைப்பு ஈஜோக் மாணவனின் மேசையை எட்டுவதற்கு இத்தகைய தளங்களே காரணம். விற்பனையில் பொதுவாக 30 விழுக்காட்டைத் தளம் எடுத்துக்கொள்கிறது. 2018 இறுதியில் தொடங்கிய எபிக் அங்காடி 12 விழுக்காடு போதும் என்று போட்டிக்கு வந்தது. சிறு குழுவினர்க்கு இவ்வேறுபாடு அடுத்த படைப்பு வருமா வராதா என்பதை முடிவுசெய்யக்கூடியது.

ஆயினும், வாங்கியவனுக்குக் கிடைப்பது யாது? ஸ்டீம் தளத்தில் பணம் கொடுப்பவர் பெறுவது பொருளன்று. அதனைப் பயன்படுத்தும் உரிமம். தம் கணக்கைப் பிறருக்கு மாற்றிக்கொடுக்கவும் இயலாது. 2024இல் கலிஃபோர்னிய மாநிலம் இயற்றிய சட்டத்திற்குப் பின்னரே இதனை வெளிப்படையாகக் கூறும் வழக்கம் பரவியது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி குரூ' என்னும் விளையாட்டின் சேவையகங்களை மூடியபோது, விலைகொடுத்து வாங்கியோரும் அதனை ஆட முடியாமற் போயிற்று. அதனை எதிர்த்து எழுந்த இயக்கம் 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. போலந்தில் 2008இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. தளம் பூட்டில்லாக் கோப்புகளை விற்கிறது. நூலகத்தில் வைத்துப் பேணத்தக்க முறை அதுவே என்பதால் ஆய்வாளர் அதனையே விரும்புவர்.

உரிமம் என்பதன் பொருளைத் தோட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டிய தேவையில்லை. லயத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தும், வீடு தோட்டத்துக்குரியதாகவே இருந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும், தொழிலாளர் சிறுகச் சிறுகப் பணம் கட்டி அதில் பங்கு பெற்றதும் இந்த அறிவினால்தான். இருப்பவருக்கும் உடையவருக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். தமிழர் தோன்றும் படைப்புகள் யாவும் இன்று பிறர் தளங்களில் உரிமத்தின் பேரில் குடியிருக்கின்றன. அத்தளம் கதவடைத்தால் அவற்றை எங்கே தேடுவது? ஓலைச்சுவடிகளைத் தேடியலைந்த மரபில் வந்த நாம் இவ்வினாவைக் காலந்தாழ்த்தாமல் எழுப்புதல் வேண்டும்.

முடிவுரை

நாம் கண்டவற்றைத் தொகுத்துரைப்பின், 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' தமிழனை அரசனாகவும் ஏவலனாகவும் காட்டுகிறது. 'சிவிலைசேஷன்' தோட்டத்தை வைத்துக்கொண்டு தொழிலாளியை நீக்கிவிட்டது. 'விக்டோரியா 3' தொழிலாளியை எண்ணுகிறது, அறியவில்லை. 'வெண்பா' அறிகிறது, அதன் உலகம் அடுக்களையின் அளவினது. நான்கனுள் இலக்கிய நிலையில் உயர்ந்தது 'வெண்பா' என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் முதல், கரு, உரி மூன்றும் ஒருங்கே அமைந்த தோட்டப்புற விளையாட்டு இவற்றுள் இல்லை.

அத்தகைய படைப்பு தோன்றுவதாயின், வேட்டி கட்டிய ஓர் உருவை வேறொரு விளையாட்டில் சேர்ப்பதால் மட்டும் அது அமைந்துவிடாது. விதிகள் தோட்டத்து விதிகளாக இருத்தல் வேண்டும். விடியுமுன் பிரட்டு, வெயில் ஏறுமுன் நிரையை முடிக்க வேண்டிய நெருக்கடி, மழை பெய்தால் பாலும் இல்லை, கூலியும் இல்லை என்னும் நிலை, மங்கில் எஞ்சிய ஒட்டுப்பாலையும் விடாமல் சேர்க்கும் சிக்கனம், பள்ளிக்குப் போகும் பிள்ளையை நிரைக்கு அழைப்பதா வேண்டாவா எனத் தாய் ஒவ்வொரு நாளும் எடுக்கும் முடிவு. 'வெண்பா'வின் மறுமொழிகளைப்போலன்றி இம்முடிவுக்கு விளைவு இருத்தல் வேண்டும். அவ்விளைவு ஒரு தலைமுறையின் வாழ்வாகவே இருந்தது.

அதற்குரிய தரவுகள் இன்னும் முதியோர் நினைவில் உள்ளன. ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் ஆகிய ஊர்களில் பால் வெட்டியவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். தமிழாசிரியர் தம் மாணவரைக் கொண்டு அவர்களின் ஒருநாள் வேலையை நேரம், கருவி, சொல், கூலி, அச்சம், பாட்டு என்னும் வரிசையில் பதிவுசெய்ய வைக்கலாம். கட்டுரைப் பயிற்சியாகத் தொடங்கும் அப்பதிவே நாளை ஒரு விளையாட்டின் விதித்தொகுப்பாக அமையக்கூடும். விளையாட்டில் ஆர்வமுள்ள மாணவனும் இலக்கியத்தில் ஆர்வமுள்ள மாணவனும் ஒரே மேசையில் அமர்வதற்கு அது வழிவகுக்கும்.

துன்பம் நீங்கிய உவகையே விளையாட்டில் பிறப்பது என்றார் தொல்காப்பியர். இன்றைய விளையாட்டுகளில் தோட்டத்தின் துன்பம் காட்சியிலிருந்து நீக்கப்பட்டுள்ளது. பட்டவர் வாழ்விலிருந்து அது நீங்கியதா என்பது வேறு வினா. அவ்வினாவைக் கேட்கும் விளையாட்டு ஈஜோக்கிலிருந்து பிறக்குமாயின், அதனைத் திறனாயும் கடமையை இத்துறையினர் மகிழ்ச்சியோடு ஏற்பர்.